ஊருக்குத் தெரியும், நீதிமன்றத்துக்குத் தெரியாது

ஏழு பத்திகள். எல்லாம் சேர்ந்து 25 வரிதான். இந்த 25 வரி வெளியே வந்துவிடக் கூடாது என்று பிரிட்டன் அரசு ஒன்றரை ஆண்டு நீதிமன்றத்தில் மல்லுக்கட்டியது.

நான் வழக்கறிஞன் இல்லை. சிலர் துப்பறியும் கதை படிப்பதுபோல நான் தீர்ப்புகள் படிப்பேன், அவ்வளவுதான். பின்யாம் முகமது வழக்கின் 2008 ஆகஸ்ட் தீர்ப்பைப் படித்துக்கொண்டு வரும்போது ஓரிடத்தில் பத்திகளே இல்லை. நீக்கப்பட்டன என்ற குறிப்பு மட்டும் இருந்தது. நீதிபதிகளே எழுதி, அவர்களே எடுத்துவிட்ட பகுதி அது. அந்த ஓட்டையைப் பார்த்த பிறகு மற்றப் பக்கங்களில் மனம் நிற்கவில்லை. அதில் என்னதான் இருந்திருக்கும் என்ற யோசனையில் தொடங்கி, அரசுகள் "இது ரகசியம்" என்று சொல்லி நீதிமன்றத்தின் வாயை அடைத்த வழக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிப் படித்தேன்.

முதலில் இந்த மனிதரின் கதை. எத்தியோப்பியாவில் பிறந்து, 1994-ல் பிரிட்டனுக்கு வந்து தங்கியவர். 2002 ஏப்ரலில் கராச்சி விமான நிலையத்தில் தனதல்லாத பாஸ்போர்ட்டோடு பிடிபட்டார். பாகிஸ்தானில் காவலில் இருந்தபோது அமெரிக்கர்கள் விசாரித்தார்கள். மே மாதம் பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்ஐ5-இன் அதிகாரி ஒருவரும் வந்து விசாரித்தார். அப்புறம் மொராக்கோவுக்குக் கொண்டுபோய்ப் பதினெட்டு மாதம் வைத்திருந்ததாகவும், அங்கே அறுவைக் கத்தியால் தன் உடலில், பிறப்புறுப்பில்கூட, கீறினார்கள் என்றும் அவர் சொன்னார். அடுத்து காபூலில் ஓர் இருட்டுச் சிறை. 2004-ல் கியூபாவில் அமெரிக்கா நடத்தும் குவாண்டனாமோ ராணுவச் சிறை. அங்கே ராணுவ ஆணையம் அவர்மீது குற்றம் சாட்டியபோது, ஒப்புதல் வாக்குமூலங்கள் எல்லாம் சித்திரவதையில் பிடுங்கப்பட்டவை என்று காட்ட அவருடைய வழக்கறிஞர்களுக்கு ஆதாரம் தேவைப்பட்டது. அந்த ஆதாரம் லண்டனில், பிரிட்டன் அரசின் கோப்புகளில் இருந்தது. பாகிஸ்தானில் அவரை எப்படி நடத்தினோம் என்று அமெரிக்கர்களே எம்ஐ5-க்கு எழுதி அனுப்பிய அறிக்கைகள் அவை.

அந்தக் கோப்பைக் கேட்க வழக்கறிஞர்கள் கையிலெடுத்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. நார்விச் பார்மக்கல் என்று பெயர். 1973-ல் ஒரு வேதிப்பொருளின் காப்புரிமைச் சண்டையில் பிறந்தது. அடுத்தவர் செய்த தவறில், தன்னை அறியாமலேகூட, ஒருவர் சிக்கிக்கொண்டால், தனக்குத் தெரிந்ததைப் பாதிக்கப்பட்டவரிடம் சொல்லியாக வேண்டும் என்பது அதன் சாரம். காப்புரிமையை மீறிச் சரக்கு இறக்குமதி செய்தவர் யார் என்று கண்டுபிடிக்கப் பிறந்த விதி, உளவுத்துறையின் அலமாரியைத் திறக்கும் சாவியாகும் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கோப்புகள் வழக்கறிஞர்களுக்குக் கிடைக்க வழி பிறந்தது. மிச்சம் இருந்த கேள்வி, அந்த அறிக்கைகளின் சுருக்கமான ஏழு பத்திகளைத் தீர்ப்பில் எல்லோரும் படிக்கும்படி விடலாமா என்பது. வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் கூடாது என்று சான்றிதழ் கொடுத்தார். ஒரு நாடு நம்பிக் கொடுத்த உளவுத் தகவலை அந்த நாட்டின் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது. வெளியிட்டால் அமெரிக்கா இனி நமக்குத் தகவல் தருவதை மறுபரிசீலனை செய்யும். அது பிரிட்டன் மக்களின் உயிருக்கே ஆபத்து என்பது வாதம். 2009 பிப்ரவரியில் நீதிபதிகள் பல்லைக் கடித்துக்கொண்டு இதற்கு இணங்கினார்கள். சட்டத்தின் ஆட்சி நடக்கும் ஒரு ஜனநாயகம், இன்னொரு ஜனநாயகத்தின் நீதிமன்றம் சித்திரவதைக்கான ஆதாரத்தை மறைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் என நாங்கள் நினைத்திருக்கவில்லை என்று எழுதியும் வைத்தார்கள். அந்த மாதமே பின்யாம் விடுதலையாகி லண்டன் வந்து சேர்ந்தார். குற்றச்சாட்டுகள் முந்தைய அக்டோபரிலேயே கைவிடப்பட்டிருந்தன.

வழக்கு அதோடு முடியவில்லை. நீதிபதிகள் தங்கள் முடிவை மறுபடி எடுத்துப் பார்த்து, 2009 அக்டோபரில் பத்திகளை வெளியிடலாம் என்றார்கள். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2010 பிப்ரவரி 10 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் வாதத்தைத் தள்ளிவிட்டு ஏழு பத்திகளையும் வெளியிட்டது.

எடுத்துப் படித்தேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றமாக இருந்தது. பெயர் இல்லை, இடம் இல்லை, ஒற்றர் இல்லை, சங்கேதம் இல்லை. தொடர்ந்து தூங்கவிடாமல் வைத்தார்கள், மிரட்டினார்கள், ஆசை காட்டினார்கள், எங்கள் கையை விட்டுப் போனால் நீ காணாமலே போய்விடுவாய் என்ற பயத்தை வைத்து விளையாடினார்கள், விசாரணையின்போது விலங்கிட்டிருந்தார்கள். இதைப் பிரிட்டன் அதிகாரிகள் செய்திருந்தால் குறைந்தது கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை என்று தாராளமாக வாதிடலாம் என்பதுதான் அதன் உள்ளடக்கம். இவ்வளவுதானா? இதற்கா இரண்டு நாடுகளின் உளவு உறவே அறுந்துவிடும் என்றார்கள்?

மேல்முறையீட்டு நீதிபதிகளின் இந்த முடிவில் பெரிய பங்கு வேறொரு தீர்ப்புக்கு உண்டு. வாஷிங்டனில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் இன்னொரு குவாண்டனாமோ கைதியின் வழக்கில், பின்யாம் முகமது சித்திரவதை பற்றிச் சொன்னதை நம்பகமானது என்று ஏற்றுக்கொண்டு எழுதியிருந்தார். ஆக, அமெரிக்க நீதிமன்றமே வெளிப்படையாகச் சொல்லிவிட்டதை அமெரிக்காவுக்காக லண்டனில் மறைத்து என்ன பயன்? ரகசியம் வெளியே போய்விட்டது என்பது உறுதியான பிறகுதான் ரகசியத்தை வெளியிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. ரகசியம் என்று சொல்லி ஆதாரத்தை நீதிமன்றத்தில் மறைக்க அரசு கோரும் இந்தச் சிறப்புரிமை தகவலைக் காப்பதற்கானது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க, அது காப்பது வேறொன்றை என்று தோன்றுகிறது. நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம். பத்திரிகையில் வரலாம், புத்தகமாகலாம். ஆனால் "ஆம், நடந்தது" என்று ஒரு நீதிமன்றம் ஏட்டில் எழுதிவிடக் கூடாது. எழுதிவிட்டால் அடுத்து நிவாரணம் கேட்பார்கள். யார் பொறுப்பு என்று கேட்பார்கள்.

இது எங்கிருந்து வந்தது என்று பார்க்க அமெரிக்காவுக்கு, 1948-க்குப் போக வேண்டும். அங்கே சித்திரவதையெல்லாம் இல்லை. ஒரு விமான விபத்து. அக்டோபர் 6 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் வேக்ராஸ் என்ற ஊருக்கு அருகே பி-29 குண்டுவீச்சு விமானம் ஒன்று நடுவானில் தீப்பிடித்து விழுந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் மின்னணுக் கருவிகளைச் சோதிக்கப் போன பொறியாளர்களும் இருந்தார்கள், ராணுவத்தைச் சேராதவர்கள். மூன்று பேரின் மனைவியர் வழக்குப் போட்டு, விபத்து அறிக்கையைக் கேட்டார்கள். விமானப்படை மறுத்தது. மாவட்ட நீதிபதி, சரி, எனக்கு மட்டும் தனியறையில் காட்டுங்கள், நான் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். அதற்கும் மறுத்தார்கள். காட்டாவிட்டால் தவறு உங்கள்மேல்தான் என்று வைத்துக்கொண்டு அவர் விதவைகளுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னார். ரொம்பச் சரியான தீர்ப்பு என்பது என் கருத்து. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது.

உச்ச நீதிமன்றம் 1953-ல் அதைப் புரட்டிப் போட்டது. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். துறையின் தலைவரே நேரில் பரிசீலித்து முறைப்படி கோரினால், வெளியிட்டால் ஆபத்து என்பதற்கு நியாயமான வாய்ப்பு தெரிந்தால், நீதிபதி தனியறையில்கூட ஆவணத்தைப் பார்க்க வற்புறுத்தத் தேவையில்லை என்றது. அந்த நீதிமன்றமும் அறிக்கையைப் பார்க்கவில்லை. பார்க்காமலே, பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அமெரிக்காவின் அரசு ரகசியச் சிறப்புரிமை இன்றைக்கும் நிற்பது இந்த ரெனால்ட்ஸ் தீர்ப்பின்மேல்தான். விதவைகள் முதலில் கிடைத்ததைவிடக் குறைந்த தொகைக்குச் சமரசம் செய்துகொண்டு போனார்கள்.

அறிக்கை 1990-களில் ரகசியப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. விபத்து நடந்தபோது சில வாரக் குழந்தையாக இருந்த ஒரு பொறியாளரின் மகள், 2000-ல் இணையத்தில் எதையோ தேடும்போது அதைக் கண்டுபிடித்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தன் தாய் கேட்ட அதே அறிக்கை. அதில் அந்த ரகசியக் கருவிகள் எப்படி வேலை செய்யும் என்று ஒரு வரியும் இல்லை. இருந்ததெல்லாம் எஞ்சினில் தீப்பிடித்த கதைதான். தீ அபாயத்தைக் குறைக்க வெப்பத் தடுப்புகளைப் பொருத்தச் சொல்லி வந்திருந்த உத்தரவு அந்த விமானத்தில் நிறைவேற்றப்படவில்லை. அலட்சியம். அவ்வளவுதான். குடும்பங்கள் மறுபடி நீதிமன்றம் போனார்கள். இதை மோசடி என்று சொல்ல முடியாது என்று அங்கேயும் கதவை மூடிவிட்டார்கள்.

ஓர் அலட்சியத்தை மறைக்கப் பிறந்த உரிமை, ஐம்பது வருடம் கழித்துச் சித்திரவதையை மறைக்கப் பயன்பட்டதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அளவுதான் மாறியிருக்கிறது.

மறுபடி பின்யாம் முகமதுவுக்கே வருகிறேன். லண்டனில் வழக்கு ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில் கலிபோர்னியாவிலும் அவருக்கு ஒரு வழக்கு இருந்தது. அவரும் இன்னும் நால்வரும் சேர்ந்து போயிங்கின் துணை நிறுவனமான ஜெப்பெசன் டேட்டாபிளான் மீது 2007-ல் தொடுத்தது. அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ, சந்தேகப்பட்டவர்களைப் பிடித்து நாடு நாடாகக் கொண்டுபோன விமானங்களுக்கு இந்த நிறுவனம்தான் பயணத் திட்டம் வகுத்துக் கொடுத்தது, எதற்கு என்று தெரிந்தே கொடுத்தது என்பது குற்றச்சாட்டு. வழக்கு ஜெப்பெசன் மீதுதான். ஆனால் அது வாய் திறந்து பதில் சொல்வதற்குள்ளேயே அமெரிக்க அரசு நடுவில் புகுந்தது. சிஐஏ இயக்குநர் மைக்கேல் ஹேடன் இரண்டு பிரமாணப் பத்திரங்கள் கொடுத்தார். ஒன்று எல்லோருக்கும். இன்னொன்று நீதிபதிக்கு மட்டும். எதிர்த்தரப்பு அதைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. 2008-ல் வழக்கு தள்ளுபடி.

இடையில் ஆட்சி மாறியது. ஒபாமா பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகவில்லை, 2009 பிப்ரவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் மேல்முறையீடு விசாரணைக்கு வந்தது. ஆட்சி மாறியதால் உங்கள் நிலைப்பாட்டில் மாற்றம் ஏதும் உண்டா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றார் அரசு வழக்கறிஞர். கேட்ட நீதிபதிக்கே நம்ப முடியாமல் மறுபடி கேட்டார்; பதில் மாறவில்லை. கட்சிகள் வந்து போகும், கோப்புகளுக்குக் கட்சி கிடையாது.

மூன்று நீதிபதிகள் அமர்வு ஏப்ரலில் வழக்குக்கு உயிர் கொடுத்தது. குறிப்பிட்ட ஆதாரங்களை வேண்டுமானால் மறைக்கலாம், வழக்கையே தூக்கிப் போட முடியாது என்றது. பதினொரு பேர் அமர்வு 2010 செப்டம்பரில் அதை மாற்றியது. 6-க்கு 5. ஒரே ஓட்டு. மனித உரிமைக்கும் தேசப் பாதுகாப்புக்கும் இடையே வேதனையான மோதல் என்று பெரும்பான்மைத் தீர்ப்பே சொல்கிறது. வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டு, மேல்முறையீட்டுச் செலவை ஜெயித்த அரசே ஏற்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டார்கள். அதோடு, அரசு மனது வைத்தால் நஷ்டஈடு தரலாம், நாடாளுமன்றம் விசாரிக்கலாம் என்று வேறு வழிகளையும் எடுத்துக்காட்டினார்கள். யார் செய்ததாகக் குற்றச்சாட்டோ அவரிடமே போய் நியாயம் கேள் என்பதுபோல இருந்தது எனக்கு. எதிர்த்து எழுதிய நீதிபதி, புகாரில் உள்ள எந்தெந்த விஷயம் எந்தெந்தப் பொது ஆவணத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்று அட்டவணையாகவே போட்டு இணைத்திருக்கிறார். அந்த அட்டவணையைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதே மனிதர், அதே ஆண்டு. பிப்ரவரியில் லண்டன் நீதிமன்றம் ஏழு பத்திகளை வெளியிட்டுவிட்டது. செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்துக்கு அவர் கதையைக் கேட்கவே தடை.

காலித் அல்-மஸ்ரி வழக்கில் ஆவணத்துக்குப் பதிலாகத் தலைமுடி பேசியது. ஜெர்மன் குடிமகன். 2003 டிசம்பர் 31 அன்று மாசிடோனிய எல்லையில் பேருந்திலிருந்து இறக்கப்பட்டார். தேடப்பட்ட இன்னொருவரின் பெயர் கிட்டத்தட்ட அவர் பெயர்போலவே இருந்தது; அதுதான் அவர் செய்த குற்றம். ஸ்கோப்யே நகரில் ஒரு ஹோட்டலில் 23 நாள் அடைத்து வைத்தார்கள். அப்புறம் சிஐஏ கையில் ஒப்படைத்து, ஆப்கானிஸ்தானில் மாதக்கணக்கில் ஒரு ரகசியச் சிறை. தவறான ஆள் என்று தெரிந்த பிறகு, 2004 மே மாதம் அல்பேனியாவில் ஒரு மலைப்பாதையில் இறக்கிவிட்டுப் போனார்கள். அமெரிக்காவில் அவர் போட்ட வழக்கை 2006-ல் தள்ளுபடி செய்த நீதிபதி, குற்றச்சாட்டு உண்மையானால் இவருக்கு நிவாரணம் கிடைத்தே ஆக வேண்டும் என்றும், ஆனால் அதை இந்த நீதிமன்றத்தால் தர முடியாது என்றும் எழுதினார். 2007 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் காரணம் எதுவும் சொல்லாமல் மனுவை எடுக்க மறுத்தது.

ஜெர்மனியில் அவருடைய முடியை ஆய்வுக்கு அனுப்பினார்கள். நாம் இருக்கும் இடத்தின் தண்ணீரும் சாப்பாடும் முடியில் வேதிச் சுவடாகப் பதியும். தெற்காசிய நாடு ஒன்றில் இருந்ததற்கும், நீண்ட நாள் சாப்பாடில்லாமல் கிடந்ததற்கும் பொருத்தமான சுவடு கிடைத்தது. எந்த அமைச்சரும் முடிக்குச் சிறப்புரிமை கோர முடியவில்லை. 2012 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, விமான நிலையத்தில் சிஐஏ குழு அவருக்குச் செய்ததைச் சித்திரவதை என்றே எழுதி, அதற்கு இடம் கொடுத்த மாசிடோனியா 60,000 யூரோ கொடுக்க வேண்டும் என்றது. அமெரிக்க நீதிமன்றங்கள் விசாரித்தாலே நாடு ஆபத்தில் சிக்கும் என்று சொல்லப்பட்ட அத்தனை சம்பவமும், நாள் வாரியாக, அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உளவுத்துறைக்கு உண்மையான ரகசியங்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஒருவர் உயிரைப் பணயம் வைத்துத் தகவல் தருகிறார்; அவர் பெயர் தீர்ப்பில் வந்தால் அவர் கதை முடிந்தது. ஒரு நாடு இன்னொரு நாட்டை நம்பித் தகவல் தருவதும் அப்படித்தான். அந்த வாதத்தைக் கேலி செய்வது எளிது, ஆனால் நேர்மை ஆகாது. எனக்குச் சிக்கல் வருவது அடுத்த படியில். பெயர்களைக் கறுப்படித்துவிட்டு மிச்சத்தை விசாரிக்கலாம் அல்லவா? ஒற்றரைக் காக்கச் செய்த ஏற்பாடு, அடித்தவரைக் காக்கவும் அதே அளவில் வேண்டுமா? 2009 செப்டம்பரில் ஒபாமா அரசின் நீதித்துறையே ஒரு கொள்கை வகுத்தது: சட்டமீறலை மறைக்கவோ, சங்கடத்தைத் தவிர்க்கவோ இந்தச் சிறப்புரிமையைக் கோர மாட்டோம் என்று. ஒரு வருடம் கழித்து அதே அரசுதான் ஜெப்பெசன் வழக்கில் ஜெயித்தது.

இதில் எனக்கு மிகவும் விசித்திரமாகப் படுவது வேறொன்று. குவாண்டனாமோவில் கைதிகளின் நினைவுகளே ரகசியமாகக் கருதப்பட்டன. தன்னை எங்கே கட்டிப்போட்டார்கள், என்ன செய்தார்கள் என்று ஒருவர் தன் உடம்பால் அறிந்தது அரசின் சொத்து. அவர் தன் வழக்கறிஞரிடம் சொன்னாலும் அது ரகசியக் குறிப்பு. அங்குள்ள ராணுவ நீதிமன்றத்தில் பார்வையாளர்கள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, 40 வினாடி தாமதமாகத்தான் பேச்சைக் கேட்பார்கள். ரகசியம் வாயில் வந்துவிட்டால் ஒலியை நிறுத்தி இரைச்சலைப் போட வசதியாக. 2013 ஜனவரியில் ஒருநாள், ரகசியச் சிறைகளை ஆதாரமாகப் பாதுகாக்க வேண்டும் என்று வழக்கறிஞர் பேசத் தொடங்கியதும் இரைச்சல் வந்துவிட்டது. நீதிபதி திகைத்தார். அவர் அமுக்கவில்லை, அவருடைய அதிகாரியும் அமுக்கவில்லை. நீதிமன்றத்துக்கு வெளியே யாரோ ஒருவர் கையில் இன்னொரு பொத்தான் இருந்திருக்கிறது. அப்படி ஒருவர் இருப்பது நீதிபதிக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பேசவிட்டால் என்ன ஆகும்? 2021 அக்டோபரில் மஜித் கான் என்ற கைதி, தண்டனை நிர்ணய விசாரணையில் தனக்கு நேர்ந்ததை முதல்முறையாகப் பகிரங்கமாக, தன் வாயாலேயே சொன்னார். கேட்ட ஜூரிகள் எட்டுப் பேரும் ராணுவ அதிகாரிகள். 26 ஆண்டு தண்டனை விதித்த கையோடு, எட்டில் ஏழு பேர் கருணை காட்டக் கோரிக் கையால் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். அவருக்கு நடந்தது அமெரிக்காவின் ஒழுக்கத்தின்மேல் விழுந்த கறை என்று அதில் எழுதினார்கள். இந்த எட்டுப் பேர் கேட்டதால் எந்த நாடும் இடிந்து விழவில்லை.

பிரிட்டனில் அப்புறம் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது கொஞ்சம் சலிப்பூட்டும் கதை. 2010 நவம்பரில் பின்யாம் உள்படப் பதினாறு பேருக்குப் பணம் கொடுத்துச் சமரசம் செய்தார்கள். எவ்வளவு என்று சொல்லவில்லை. அறிவித்த விசாரணைக் குழுவை 2012-ல் பாதியில் கலைத்தார்கள். 2013-ல் நீதி மற்றும் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இனி உளவு சம்பந்தப்பட்ட சிவில் வழக்கில் அரசுத் தரப்பு ஆதாரத்தை நீதிபதியிடம் மூடிய அறையில் காட்டலாம். வழக்குப் போட்டவரும் அவர் வழக்கறிஞரும் வெளியே நிற்க வேண்டும். அவருக்காகப் பேச ஒரு சிறப்பு வழக்கறிஞர் உள்ளே இருப்பார், ஆனால் உள்ளே கேட்டதை அவரிடம் சொல்ல முடியாது. அதே சட்டத்தில் ஒரு பிரிவு, அந்த நார்விச் பார்மக்கல் சாவி உளவுத் தகவலுக்குச் செல்லாது என்று ஆக்கிவிட்டது. ஏழு பத்திகள் வெளிவந்த வழியைத் தேடிப்பிடித்துச் சிமென்ட் பூசியிருக்கிறார்கள்.

இந்த வரிசையில் நான் கடைசியாகப் படித்தது அபு ஜுபைதா வழக்கு. 2002 மார்ச்சில் பாகிஸ்தானில் பிடிபட்டவர். சிஐஏயின் புதிய முறைகளுக்கு முதல் ஆள் அவர்தான். 2002 ஆகஸ்ட் ஒரே மாதத்தில் 83 முறை நீரில் மூச்சுத் திணறவைத்தார்கள். சவப்பெட்டி அளவுள்ள பெட்டியில் மொத்தம் 266 மணி நேரம் அடைத்தார்கள். விசாரணையைப் படம் பிடித்த வீடியோ நாடாக்களும் இருந்தன. அவரையும் இன்னொருவரையும் விசாரித்த 92 நாடாக்களை சிஐஏ 2005 நவம்பரில் அழித்துவிட்டது. அடைத்த கணக்கு அமெரிக்க செனட் குழு 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. அவரைப் பிற்பாடு போலந்தில் வைத்திருந்தார்கள் என்று ஐரோப்பிய நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் தீர்ப்பளித்தது. சிஐஏக்கு இடம் கொடுத்ததைப் போலந்தின் முன்னாள் ஜனாதிபதியே ஒப்புக்கொண்டார்.

போலந்து அரசு வழக்கறிஞர்கள் தங்கள் நாட்டில் நடந்ததை விசாரிக்க, இந்த முறைகளை வடிவமைத்த இரண்டு உளவியலாளர்களின் சாட்சியம் தேவைப்பட்டது. அவர்களில் ஒருவர் இதைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். வேறு விசாரணைகளில் சாட்சியும் சொன்னவர். அதற்கும் அமெரிக்க அரசு, இது அரசு ரகசியம் என்று தடை போட்டது. போலந்து என்ற பெயரை அமெரிக்க அரசு அதிகாரபூர்வமாக உச்சரித்ததில்லை, அதுதான் ரகசியம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்த தேதி 2021 அக்டோபர் 6. அந்த பி-29 விழுந்த அதே தேதி, 73 ஆண்டு கழித்து. நீதிமன்றத்தில் யாரும் இதைக் கவனித்தார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வீண் ஆசை.

எல்லோருக்கும் தெரிந்ததை ரகசியம் என்பது ஒரு கட்டத்தில் கேலிக்கூத்தாகிவிடுகிறது, இந்தச் சிறப்புரிமைக்கு வேறு பெயர் வைக்க வேண்டியதுதான் என்றார் நீதிபதி கேகன். ஆனாலும் 2022 மார்ச்சில் அரசுதான் ஜெயித்தது. ஊடகம் சொல்வது வேறு, உள்ளே இருந்தவர் சொல்வது வேறு. இந்த இருவர் வாயால் வந்தால் அது சிஐஏ ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்றது பெரும்பான்மை. நான் முன்னே சொன்னதை நீதிமன்றமே சொல்லிவிட்டதுபோல இருந்தது. எதிர்த்து எழுதியவர் நீதிபதி கோர்சச்; சோட்டோமேயர் அவரோடு சேர்ந்தார். அரசியலில் எதிரெதிர்த் துருவங்களில் வைத்துப் பேசப்படும் இருவர். குடிமக்களாக நமக்கு உண்மை என்று தெரிந்ததை, நீதிபதிகளாகத் தெரியாததுபோல நடிக்க முடியாத ஓர் இடம் வருகிறது என்பது அவர்களின் நிலை.

அந்த வாதத்தின்போது கோர்சச் ஒரு கேள்வி கேட்டார். இந்த இரண்டு பேரை விடுங்கள். அவருக்கு என்ன நடந்தது என்று அபு ஜுபைதாவையே கேட்கலாமே, அவரைச் சாட்சி சொல்ல விடுவீர்களா? அரசு வழக்கறிஞரால் அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. சில நாள் கழித்துக் கடிதமாக வந்தது. எழுத்தில் வாக்குமூலம் அனுப்பலாமாம். பாதுகாப்புத் தணிக்கைக்கு உட்பட்டு.